ஆசிரியர் போன பிறகு மிஞ்சுவது

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் தமிழ்நாட்டுப் பங்குக் கோவில்களில் நடப்பது ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். பெரியவர்கள் முற்றத்தில் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் பிரிந்து போவார்கள். ஒரு வகுப்பு கோவிலுக்குள்ளேயே முன்வரிசையில், இன்னொன்று பங்குப் பள்ளியின் வராந்தாவில், மூன்றாவது மாதா கெபிக்கு எதிரே மரத்தடியில். பாடம் எடுப்பவர் சம்பளம் வாங்காதவர். வாரம் முழுக்க அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணாக இருக்கலாம், கல்லூரியில் படிக்கும் ஒரு பையனாக இருக்கலாம், மடத்திலிருந்து வரும் ஒரு சிஸ்டராக இருக்கலாம். அரை மணி நேரம் போவதற்குள் பிள்ளைகளின் கண் வாசல் பக்கம் திரும்பிவிடும். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாலோ டியூஷன் முந்திக்கொள்ளும்.

புதுநன்மைக்கு அலைமோதும் கூட்டம் உறுதிபூசுதலுக்குப் பிறகு காணாமல் போவதை இந்த ஆசிரியர்கள் வருடா வருடம் பார்க்கிறார்கள். சொல்லிக் கொடுத்ததெல்லாம் எங்கே போகிறது என்ற கேள்வி அவர்களுக்கு எழாமல் இருக்காது. அதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, அளந்து பார்ப்பது: வருகைப் பதிவேடு, ஆண்டுத் தேர்வு, விவிலிய வினாடி வினா, சுழற்கேடயம். மற்றது, எல்லாவற்றையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று கைகழுவுவது. முதல் பதில் பிள்ளையின் நினைவாற்றலை மட்டுமே அளக்கிறது. இரண்டாவது பதில் பல நேரங்களில் பாடத்தைத் தயாரிக்காமல் வந்ததற்கான சாக்கு.

இந்த இரண்டுக்கும் வெளியே ஒரு பதிலைத் தென்கடற்கரையின் சொந்த வரலாறே வைத்திருக்கிறது. ஆனால் அந்த வரலாறு ஒரு தோல்வியில் இருந்துதான் தொடங்குகிறது.

1536, 37-ஆம் ஆண்டுகளில் கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுகீசியக் குருக்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கு ஊர் ஊராகத் திருமுழுக்குக் கொடுத்தார்கள். பல்லாயிரம் பேர். முத்துக்குளிக்கும் உரிமைக்காகக் கடலில் நடந்த போட்டியும், அதில் போர்ச்சுகீசியக் கப்பல்களின் பாதுகாப்பு தேவைப்பட்டதும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தன என்பதை வரலாற்றாசிரியர்கள் மறைப்பதில்லை. தண்ணீர் ஊற்றிவிட்டுக் குருக்கள் போய்விட்டார்கள். 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்து, நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று கேட்டபோது, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல எதுவும் தெரியவில்லை. அவரே கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறார். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மாபெரும் வெற்றி. கற்பித்தல் என்ற கணக்கில் பூஜ்யம்.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு அறிந்த உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை, பத்துக் கட்டளைகள் என ஒவ்வொன்றாகத் தமிழாக்கம் செய்ய வைத்தார். அந்த மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. பின்னால் வந்தவர்கள் திருத்த வேண்டியிருந்தது. ஆனாலும் அதை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத் தெருவாகப் போனார். மணிச் சத்தத்துக்குச் சிறுவர்கள் கூடினார்கள். நாளுக்கு இரண்டு வேளை வகுப்பு. ஒரு மாதத்தில் செபங்கள் பாடமாகிவிட்டன.

இதோடு நின்றிருந்தால் இதுவும் ஒரு மனப்பாட வகுப்புதான். அவர் அடுத்துச் செய்ததுதான் முக்கியம். கற்றதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று பிள்ளைகளிடமே அந்த வேலையை ஒப்படைத்தார். நோயாளி வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் வந்தால், தன்னால் போக முடியாத இடத்துக்குச் சிறுவர்களை அனுப்பிச் செபம் சொல்ல வைத்தார். கிளம்பும்போது செபங்களின் படியை ஊரில் விட்டுவிட்டுப் போனார். ஒவ்வோர் ஊரிலும் கணக்கப்பிள்ளை என்று ஒருவரை நியமித்தார். செபம் சொல்லித் தருவதும் ஆபத்து வேளையில் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. அதற்குச் சம்பளமும் உண்டு. போர்ச்சுகல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து வருடந்தோறும் போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தைக் கேட்டு வாங்கி, உபதேசிகளின் சம்பளத்துக்கு அவர் மடைமாற்றினார். சொர்க்கத்துக்கு ஏற அரசிக்கு இந்தப் பிள்ளைகளைவிட நல்ல காலணி கிடைக்காது என்று அவர் எழுதியதாகச் சொல்வார்கள்.

அவருடைய கடிதங்களில் இன்று படிக்கும்போது நெருடும் பகுதிகளும் உண்டு. பிள்ளைகள் தெய்வச் சிலைகளை உடைத்ததையும், பெற்றோரைக் காட்டிக்கொடுத்ததையும் அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பியரின் மனநிலை என்று அதற்கு விளக்கம் சொல்லலாம். நியாயம் சொல்ல முடியாது. சிறுவர்களின் ஆர்வம் எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய ஒன்று என்பதற்கு அதுவே சாட்சி. இன்றைக்கு எந்தச் சமயத்தின் ஞாயிறு வகுப்புக்கும் அது எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும்.

சவேரியார் இந்தக் கரையில் தொடர்ந்து இருந்தது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்தான். 1545-இல் மலாக்கா பக்கம் போய்விட்டார். 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களை விரட்டித் தங்கள் சீர்திருத்தச் சபைக்கு மக்களைத் திருப்பப் பார்த்தார்கள். பரதவர்கள் திரும்பவில்லை. வேம்பாறு முதல் மணப்பாடு வரை அந்த ஊர்கள் இன்றும் கத்தோலிக்க ஊர்களாகவே இருக்கின்றன. இதைக் காண சவேரியார் உயிரோடு இல்லை. 1552-இலேயே சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில் இறந்துவிட்டார்.

அவருக்குப் பின் 1547-இல் வந்த அண்டிரிக் அடிகளார் அரை நூற்றாண்டு இங்கேயே தங்கித் தமிழை இலக்கணத்தோடு கற்றார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. பதினாறு பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் இதுதான் என்று இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அது ஒரு ஞானோபதேசப் புத்தகம் என்பது அவ்வளவாக நினைவில் இல்லை. மறு ஆண்டு கொச்சியில் அச்சான 120 பக்க ‘கிரிசித்தியானி வணக்கம்’ இன்னும் நேரடியான சான்று. அதன் மூலநூல் போர்ச்சுகலில் மார்கோஸ் ஜோர்ஜ் என்பவர் சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே குரு சீடன் உரையாடலாக எழுதியது. கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் தேவையிலிருந்து தமிழ் அச்சுக்கலை பிறந்தது. பின்னாளில் அதே ஈய எழுத்துகளின் வழியே சங்க இலக்கியமும் நாளிதழும் வரும் என்று அண்டிரிக் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார். ‘தம்பிரான் வணக்க’த்தின் மிஞ்சிய ஒரே பிரதி இப்போது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

கற்பித்தவர் இல்லாதபோது கற்பித்தது நிற்குமா என்பதற்கு இன்னும் கடுமையான சோதனை ஜப்பானில் நடந்தது. 1549-இல் கிறிஸ்தவத்தை அங்கே கொண்டுபோனவரும் சவேரியார்தான். 1614-இல் நாடு முழுவதும் தடை. குருக்கள் நாடு கடத்தப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். 1644-இல் கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு குருகூட இல்லை. 1865 மார்ச் 17 அன்று நாகசாகியில், வெளிநாட்டவருக்காகப் புதிதாகக் கட்டப்பட்டிருந்த ஓவுரா கோவிலுக்குள் உரகாமி கிராமத்தைச் சேர்ந்த சிலர் நுழைந்தார்கள். பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருவின் அருகே வந்த ஒரு பெண், தங்கள் இதயமும் அவருடைய இதயமும் ஒன்றுதான் என்று மெல்லச் சொல்லிவிட்டு, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார். அது தவக்காலம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஏழு தலைமுறை இது எப்படி நின்றது? அற்புதம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. தடை வருவதற்கு முன்பே இயேசு சபையினர் பொதுநிலையினரைச் சிறு குழுக்களாக அமைத்திருந்தார்கள். தடைக்காலத்தில் அந்த அமைப்பே அடித்தளமானது. திருநாள்களைக் கணக்கிட ஒருவர், திருமுழுக்குக் கொடுக்க ஒருவர், செய்தி கொண்டுசெல்ல ஒருவர் என்று கிராமங்கள் பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டன. பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாவிட்டால் உத்தம மனஸ்தாபப்படுவது எப்படி என்று விளக்கும் சிறு நூல் 1603-இலேயே அங்கே வந்துவிட்டது. அதாவது, நாம் இல்லாமல் போகலாம் என்பதை நினைத்துப் பார்த்தே ஆசிரியர்கள் பாடத்தை அமைத்திருந்தார்கள். புத்தகத்தை வீட்டில் வைத்திருந்தால் உயிர்போகும் என்ற நிலையில், ஓராஷோ என்ற செபங்கள் வாய்வழியாகவே பிள்ளைகளுக்குப் போயின.

கதை முழுக்க இனிப்பானதும் இல்லை. 1867-இல் உரகாமியில் மீண்டும் அடக்குமுறை. 3,000-க்கும் மேற்பட்டோர் நாடெங்கும் சிதறடிக்கப்பட்டார்கள், 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 1873-இல்தான் தடை விலகியது. மறைவில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் குருக்கள் வந்த பிறகும் கத்தோலிக்கச் சபையோடு சேரவில்லை. தங்கள் பாட்டன் சொன்ன வடிவமே தங்களுக்கு வேதம் என்று தனியாக நின்றார்கள். விதைத்தவர் நினைத்த பயிரேதான் விளைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாற்கு நற்செய்தியில் மட்டுமே வரும் ஓர் உவமையில், விவசாயி விதைத்துவிட்டுத் தூங்குகிறான், எழுகிறான். விதை எப்படி முளைத்தது என்று அவனுக்கே தெரிவதில்லை. அந்த உவமையை மறையுரைகளில் ஆறுதலுக்காக எடுப்பது வழக்கம். ஆனால் அவன் நிலத்தைப் பண்படுத்தாமல், பதரை வீசிவிட்டுத் தூங்கப் போனதாக அதில் இல்லை.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே கதையின் இன்னொரு வடிவம் உண்டு. 1658-இல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் கைக்குப் போனதும் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1687-இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கி, கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டின் முகம் மாறுகிறதோ அதுதான் அவர் தேடிய வீடு. இடைப்பட்ட முப்பது ஆண்டுகள் விளக்கை அணையாமல் வைத்திருந்த பாட்டிமார்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வாஸ் அடிகளாரை 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

கற்பிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கற்பித்தவர்களும் உண்டு. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட டச்சுப் படை அதிகாரி தெலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியாளரானார். அரண்மனை அலுவலர் நீலகண்டப் பிள்ளை குடும்பக் கஷ்டத்தில் நொந்திருந்தபோது, விவிலியத்தில் வரும் யோபுவின் கதையை நண்பராக அவருக்குச் சொன்னார். அந்தப் பேச்சு 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கில் முடிந்தது. நீலகண்டன் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். தெலனாயின் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. பீரங்கி வார்க்கவும் கோட்டை கட்டவும் தெரிந்த அந்த மனிதர் உபதேசியார் வேலைக்குப் பயிற்சி எடுத்தவர் அல்ல.

இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டுப் பூரித்துப்போகிறவர்கள் அதே வடக்கன்குளத்தின் இன்னொரு கதையையும் கேட்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே எழுந்த பெரிய கோவில், இரு சாதிப் பிரிவினர் தனித்தனியே உட்காரும்படி இரு கிளைகளாகக் கட்டப்பட்டது, நடுவே தடுப்பு. கால்சட்டைக் கோவில் என்றே அதற்குப் பெயர். 1910-இல்தான் அந்தத் தடுப்பு இடிந்தது. பிறரை நேசி என்ற கட்டளையைப் பாராமல் ஒப்பிக்கத் தெரிந்தவர்கள்தான் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பலனை நம்பு என்று சொல்வது எளிது. கண்ணுக்குத் தெரிந்த சுவரைப் பற்றி வகுப்பில் பேசாமல் இருந்துவிட்டு அந்த நம்பிக்கையைப் பேசினால் அது பொய். கல்லறைத் தோட்டத்திலும் திருவிழா மண்டகப்படியிலும் சாதி இன்னும் ஒளிந்திருக்கும் ஊர்களில், பிள்ளை வகுப்பில் கேட்பதைவிட வெளியே பார்ப்பதைத்தான் கற்றுக்கொள்கிறது.

வெளியில் இருக்கும் வாசகருக்கு இங்கே வேறொரு கேள்வி எழலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு மதத்தைச் சொல்லித் தருவதே திணிப்பு அல்லவா? நியாயமான கேள்விதான். மொழி, உணவு, உறவுமுறை எதையும் பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் பெற்றோர் கொடுப்பதில்லை. அந்த வரிசையில் நம்பிக்கையும் வருகிறது. ஆனால் நம்பிக்கையை யார் மீதும் வற்புறுத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தன் சமயச் சுதந்திர ஏட்டில் சொன்னது வளர்ந்த பிள்ளைகளுக்கும் பொருந்தும். வளர்ந்தபின் விலகிப்போகிற உரிமை அவர்களுக்கு உண்டு என்பதை ஏற்றுக்கொள்கிற ஆசிரியரால்தான் பதற்றமில்லாமல் கற்பிக்க முடியும். பதற்றப்படுகிறவர் மிரட்டுவார், அல்லது மதிப்பெண் போடுவார்.

1841 டிசம்பர் 8 அன்று இத்தாலியின் தூரின் நகரில், திருப்பலிக்கு உதவத் தெரியவில்லை என்று கோவில் பணியாளரிடம் அடிவாங்கிய பர்த்தலோமெயோ கரெல்லி என்ற கொத்தனார்ப் பையனை இளங்குரு தொன் போஸ்கோ கூப்பிட்டுப் பேசினார். எழுதப் படிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டபோதெல்லாம் தெரியாது என்ற பதில். விசிலடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் பையன் சிரித்துவிட்டான். பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது. அவருடைய சலேசிய சபை அந்த நாளைத்தான் தன் வேலையின் பிறப்பாகக் கருதுகிறது. 1906-இல் தஞ்சாவூரில் கால்வைத்து இந்தியாவுக்குள்ளும் வந்தது. கரெல்லி பிற்காலத்தில் என்ன ஆனான் என்பது வரலாற்றில் பெரிதாகப் பதிவாகவில்லை. அவன் தொடர்ந்து கோவிலுக்குப் போனானா என்று யாரும் கணக்கெடுத்து அந்த வகுப்பை மதிப்பிடவில்லை.

நம் காலத்து உதாரணம் மிலானில் வளர்ந்த கார்லோ அக்குத்திஸ். 1991-இல் பிறந்து, இரத்தப் புற்றுநோயால் 2006-இல் பதினைந்து வயதில் இறந்தவர். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து அவர் உருவாக்கிய இணையதளத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அதைவிடச் சுவையானது அவருடைய தாய் சொன்ன செய்தி. கோவில் பழக்கம் அதிகம் இல்லாத அந்தத் தாய், மகன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இறையியல் வகுப்பில் சேர்ந்தார். வீட்டில் பணிபுரிந்த மொரீஷியஸ்காரர் ஒருவரும், இந்துவாக இருந்தவர், கார்லோவோடு பழகித் திருமுழுக்குப் பெற்றார். முத்துக்குளித்துறையில் சவேரியார் செய்த அதே வேலைப் பிரிவினை, பையன் வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுப்பது, யாரும் ஏற்பாடு செய்யாமலே மிலானில் நடந்திருக்கிறது.

நம் ஞாயிறு வகுப்பில் காணாமல் போயிருப்பது இந்தப் பொறுப்பு மாற்றம்தான். பிள்ளை பன்னிரண்டு வருடம் கேட்பவனாகவே இருக்கிறான். பழைய தலைமுறை ‘சின்னக் குறிப்பிடம்’ என்ற ஞானோபதேச நூலை மனப்பாடம் செய்தது என்று இன்று கேலி செய்கிறோம், ஆனால் மாலையில் வீட்டுச் செபத்தை முன்னின்று சொல்லும் முறை அந்த வீடுகளில் பிள்ளைக்கும் வந்தது. மனப்பாடமும் போய், முறையும் போய், தேர்வு மட்டும் மிஞ்சிய இடத்தில் நாம் நிற்கிறோம். பதினொன்றாம் வகுப்புப் பெண்ணை மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க அனுப்பலாம். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் குருவோடு இரண்டு பையன்கள் போகலாம். கடவுள் ஏன் என் தங்கையைக் காப்பாற்றவில்லை என்று கேட்கும் பிள்ளையிடம், அது பாடத்தில் இல்லை என்று சொல்லாத ஓர் ஆசிரியர் வேண்டும். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் போட எந்தத் தேர்வுத்தாளிலும் இடம் இல்லை.

அதற்கு ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும். வீரமாமுனிவர் 1727-இல் ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலையே உபதேசிகளுக்காக எழுதினார். 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டு, 1838-இல் அச்சபையினர் மதுரைப் பகுதிக்குத் திரும்பும்வரை குருக்கள் பற்றாக்குறையால் திண்டாடிய ஊர்களைத் தாங்கியதில் அந்த உபதேசியார்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் பணியை முறையான திருச்சபைப் பணியாகவே நிறுவினார். அதற்கு ஆழ்ந்த பயிற்சி வேண்டும் என்றும் சொன்னார். நம் பங்குகளில் நடைமுறை என்ன? ஜூன் மாதத்தில் ஒரு நாள் கருத்தரங்கு, மதியம் பிரியாணி, கையில் ஒரு புத்தகம். அடுத்த ஞாயிறே வகுப்பு.

பணம் இல்லை என்பது காரணமாக இருக்க முடியாது. பத்து நாள் திருவிழாவின் சீரியல் பல்புக்கும் வாணவேடிக்கைக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் பங்குகள் வசூலிக்கும் தொகை ஊருக்கே தெரியும். கோவில் பலகையில் உபயதாரர் பெயரோடு எழுதியும் வைக்கிறார்கள். ஓர் அரசியின் காலணிப் பணத்தையே கேட்டு வாங்கிய கரை இது. பங்குப் பேரவை அடுத்த திருவிழாக் கணக்கை முடிக்கும்போது வாணவேடிக்கைச் செலவில் பாதியை மறைக்கல்வி ஆசிரியர்களின் பயிற்சிக்கும், அவர்கள் படிக்க நல்ல புத்தகங்களுக்கும், பேருந்துச் செலவுக்கும் ஒதுக்கித் தீர்மானம் போடலாம். அதற்கு மறைமாவட்டத்தின் அனுமதிகூடத் தேவைப்படாது.